எட்டாவது கட்டம்

கொள்முதல் படிவத்தில் எட்டாவது கட்டம்
நோக்கம் என்ன என்று கேட்கிறது.
ஒரு வரிக்குமேல் தட்டினால் ஏற்காது.

கேட்டிருப்பவை:
சரிவுப்பாதைக்குக் கைப்பிடி, பதினோரு அடி.
கூட்ட அறைத் திரையில்
பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், ஓராண்டுச் சந்தா.
மைக்ரோவேவ், கூடுதலாக ஒன்று.

கிண்டி தொழிற்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழே லேத் பட்டறை இரும்பைச் சீவிக்கொண்டிருக்கிறது.

எம்.டி.யின் நோக்கம் தெரியும்.
ராட்டர்டாமிலிருந்து வந்த கேள்வித்தாளில்
முப்பத்தொன்றாம் கேள்விக்கு
இல்லை என்றால் ஒப்பந்தமும் இல்லை.
மனிதவளத்துறை மிருணாளினிக்கு
நந்தம்பாக்கத்தில் பிப்ரவரி மாதம்
மேடையேறி வாங்க ஒரு கண்ணாடிக் கேடயம்.
கட்டட முதலாளிக்குப் பயம்,
தண்ணீர் கேன் பையன் வழுக்கி விழுந்ததிலிருந்து.

ஒருவர் நோக்கமும் சுத்தமில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சுத்தம் என்ற சொல்
தொண்டையில் முள்ளாய் நின்றது.

ஏழு வருடத்துக்கு முன்
அந்தத் தாளை ஒட்டியவன் நான்.
"அசைவம் சூடாக்க வேண்டாம். நன்றி."
நன்றிக்குப் பக்கத்தில் சிரிக்கும் முகம்,
அதுவும் நான் போட்டதுதான்.
யாரோ மூக்கைச் சுளித்தார்கள், அது போதுமாக இருந்தது.
அன்றைக்கு எந்தப் படிவமும்
எந்தக் கட்டத்திலும்
என்னிடம் நோக்கம் கேட்கவில்லை.

வீடு திருவொற்றியூரில்.
ஞாயிறு விடியலில் காசிமேட்டில்
செவுளைத் தூக்கிப் பார்த்து
சங்கரா வாங்குகிறவன்.
திங்கள் முதல் வெள்ளி வரை
தயிர்சாதம், மாவடு.
"சாரும் நம்மள மாதிரிதான்" என்று
ஒருமுறை தோளைத் தட்டினார்கள்.
கூசியது.
பிடித்தும் இருந்தது.

போன ஐப்பசி மழையில்
அவசரப் படிக்கட்டில் ஜெனோபாவைப் பார்த்தேன்,
மொட்டைமாடிக்குப் போகும் திருப்பத்தில்.
மடியில் டப்பா. ஆறிப்போன நெத்திலிக் குழம்பு.
"இங்க காத்து நல்லா வருது சார்."
காற்று வரவில்லை.
பட்டறையின் எண்ணெய்ப் புகை வந்தது.
ஐந்து வருடமாக ஒரே தளம்,
அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவளுக்காக என்று எழுதினால்
அவளே சிரிப்பாள்.
புகையைக் காற்று என்று சொன்ன அந்த நேர்த்தி
எனக்கு நன்றாகத் தெரிந்த நேர்த்தி.
என் தயிர்சாதம் தினமும்
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மென்பொருளுக்கு மட்டும்
இந்தக் குழப்பம் இல்லை.
இலவசமாகக் கிடைத்த பத்து நாளில்
காது கேளாத திருமாறன்
ஒரு முழுக் கூட்டத்தையும் படித்து முடித்துவிட்டு
எனக்கு அனுப்பினான்:
"இத்தனை வருஷமா இதைத்தான் பேசுனீங்களா?"

மைக்ரோவேவ்தான் இடிக்கிறது.
மிருணாளினி மெதுவாகச் சொன்னாள்,
நல்ல மனதோடுதான் சொன்னாள்:
"அசைவத்துக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிட்டா
யாருக்கும் சங்கடம் இல்ல."
அப்பா ஒரே ஒரு முறை சொன்னது,
வந்தவாசிப் பக்கம் ஒரு டீக்கடை,
ஆணியில் தனியாகத் தொங்கிய டம்ளர்.
அவர் அதைச் சொல்லிவிட்டு
வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வரியை அழித்தேன்.
மீதி இரண்டுக்கும் எட்டாவது கட்டத்தில்
"வாடிக்கையாளர் தேவை."
நான்கே நிமிடத்தில் ஒப்புதல்.
கைப்பிடி கைப்பிடிதான்,
எதற்காக வந்தால் என்ன,
பிடித்து ஏறுகிறவர் கட்டத்தைப் படிக்கப்போவதில்லை.

பிறகு சாப்பாட்டு அறைக்குப் போனேன்.
ஒட்டுவதற்கு இல்லாத படிவம்
கிழிப்பதற்கும் இல்லை.
டேப் பெயின்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது.
சுவரில் நாலு மூலையும் இப்போது
சொட்டை சொட்டையாகத் தெரிகிறது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஒருத்தர் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்.
ஜெனோபா வரவில்லை.

நாளை புதன்.
வார நாளில் சங்கரா கிடைக்குமா தெரியாது.
நாலு மணிக்கே எழுந்து போகவேண்டும்.
டப்பாவின் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது,
குழம்பு பையில் கொட்டினால்
மின்ரயில் முழுக்க மணக்கும்.